சல்லடைக்குப் பின்னால்

எனக்குத் தெரிந்த மனிதர்களில் சொன்னதைச் சொன்னபடியே செய்த ஒரே ஆள் அவள்தான். நல்ல குணம்தானே என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவளை நினைத்தால் முதலில் ஓர் அசதி வருகிறது. பிரியம் அதற்கப்புறம்தான் வருகிறது.

கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அறை இருந்தது. அதில் பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். வருகிற அம்மாக்களுக்கு நான் டீச்சர். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்கு அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக ஆபரேஷன் செய்வார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்துத் தைத்துவிடுவார்கள். வெளியே ஒரு மெஷின் உண்டு. காதில் மாட்டும் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். வெளியே இருப்பது ஓடினால்தான் உள்ளே இருப்பதற்கு வேலை. ஓடாவிட்டால் பிள்ளைக்கு எதுவுமே கேட்காது. இடி விழுந்தாலும் கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்தால் பிள்ளை பேசிவிடும் என்றுதான் எல்லோரும் வருவார்கள். சத்தம் கேட்கும், வாஸ்தவம்தான். ஆனால் அது நாய் குரைப்பதா, அம்மா கூப்பிடுவதா என்று பிள்ளைக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த வேலை எங்களுடையது, எங்களைவிட அதிகமாக அம்மாக்களுடையது.

அவள் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை செய்தாள். தேங்காயை உடைத்து வெயிலில் பரப்பிக் கொப்பரையாக்கும் களம். மகள் தர்ஷினிக்கு அப்போது மூன்று வயது. தலையில் தையல் பிரித்த இடத்தில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. "செவ்வாயும் வெள்ளியும் ஒன்பதரைக்கு வந்துருங்க" என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போகும்போது, எட்டு மணியிலிருந்தே ஒரு அம்மா பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறது என்று காவலாளி சொன்னார்.

"ஏனம்மணி, நான் ஒன்பதரைன்னுதானே சொன்னேன்?"

"அதுக்கு அடுத்த பஸ்ஸுல வந்தா ஒம்பதே முக்காலு ஆயிப்போகுமுங்க டீச்சர். நீங்க ஒம்பதரைன்னு சொன்னீங்களே."

பந்த் நடந்த ஒரு வெள்ளிக்கிழமை கொப்பரை ஏற்றிய லாரியில் முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நான் வீட்டில் படுத்திருந்தேன். பூட்டிய அறைக்கு முன்னால் பகல் வரைக்கும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் எனக்கே வெட்கமாக இருந்தது. "பந்துன்னு தெரியுமில்லைங்களா, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். "பந்துன்னா வர வேண்டாம்னு நீங்க சொல்லலீங்களே" என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இனி ஒரு வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உதட்டைப் பார்த்துப் பழகிவிட்டால் பிள்ளை காதை உபயோகிக்காது என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். அதனால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவோம். கையால் மறைத்தால் சத்தம் மங்கிப்போகும். அதற்காகத் துணியில் பூவேலை செய்கிற மர வளையத்தில் மெல்லிய கருப்புத் துணியை இழுத்து மாட்டி வைத்திருப்போம். அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் குரல் வரும், உதடு தெரியாது. கைச்சாடையும் கூடாது. "உதட்டைக் காட்டாதீங்க, கையைக் காட்டாதீங்க, பிள்ளை முன்னால எப்பப் பேசினாலும் மறைச்சுக்கிட்டே பேசுங்க" என்று அவளிடம் சொன்னேன். பயிற்சி நேரத்தில் மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்ற அம்மாக்களிடமும் நான் இப்படித்தான் சொல்வேன். அவர்கள் வீட்டுக்குப் போனதும் பாதியை மறந்துவிடுவார்கள், அது ஒரு கணக்கில் சரியாகிவிடும். இவள் மறக்கிற ஜாதி இல்லை.

முதல் வாரம் வீட்டில் தினசரிக் காலண்டரின் அட்டையைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாள். அட்டையில் பெரிய முருகன் படம்.

"டீச்சர், பேரச் சொல்லிக் கூப்டா புள்ள சாமி ரூமுக்கு ஓடிப்போயி முருகன் படத்துக்கு முன்னால நிக்குதுங்க."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அன்றைக்கே அலமாரியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சல்லடையாட்டம் இருக்குதுங்க" என்றாள். அதற்கப்புறம் அது சல்லடைதான். எங்கள் அறையில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தோம். புதிதாக வருகிற அம்மாக்களிடமும் "அந்தச் சல்லடையை எடுங்க" என்போம்.

அவளுடைய மஞ்சள் பையில் எப்போதும் அது இருக்கும். பிள்ளை கூட இருந்தால் யாரிடம் பேசினாலும் முதலில் சல்லடை வெளியே வரும். பஸ்ஸில் முகத்துக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு "காங்கேயம் ஒண்ணுங்க" என்பாள். "ஏனுங்க்கா, பல்லு வலிங்களா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டாராம். களத்தில் கூட வேலை செய்கிற பெண்கள், "கல்யாணப் பொண்ணு வருதுடி" என்று கேலி செய்வார்களாம். இதையெல்லாம் சல்லடைக்குப் பின்னாலிருந்துதான் என்னிடம் சொன்னாள். எனக்கு இன்றைக்கு அவள் கண்களும் நெற்றியில் வைத்த சாந்தும்தான் நன்றாக நினைவில் இருக்கின்றன. சிரித்தால் அவள் வாய் எப்படிப் போகும் என்று ரொம்ப நாள் வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அவள் வீட்டுக்காரரும் வந்தார். கொப்பரை மூட்டை ஏற்றுகிற டெம்போ ஓட்டுபவர். பிள்ளை அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததும், தண்ணி வேண்டுமா என்று கேட்பதுபோல் கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கிக் காட்டினார். அவள் பட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டாள். "டீச்சர் இருக்கறாங்கல்ல, கையக் காட்டாதீங்க." அந்த மனிதர் ஒரு மணி நேரம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. மற்ற அம்மாக்களிடம், "பாருங்க, இப்படிச் செய்யோணும்" என்று அவளைக் காட்டினேன்.

மெஷினில் வேர்வை ஈரம் தங்கக் கூடாது. அதற்காக ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள் போட்ட சின்ன டப்பா ஒன்று கொடுப்போம், ராத்திரி மெஷினை அதில் போட்டு மூட வேண்டும். ஈரம் சேர்ந்தால் மணிகள் நிறம் மாறும். அப்போது அவற்றை வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம் என்று நான் சொன்னேன். அவள் களத்தில் ஒரு மூலையில் கைக்குட்டையை விரித்து அந்த ஒரு பிடி மணியைக் காயவைப்பாளாம். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் தேங்காய் மூடிகள், நடுவில் ஒரு கைக்குட்டை. "காக்கா வராம ஒருத்தி பக்கத்துல நின்னுக்குவமுங்க" என்றாள். மணியைக் காக்காய் தின்னாது என்று நான் சொல்லவில்லை. அவளிடம் எதையும் சொல்லப் பயமாக இருந்த காலம் அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பலன் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஒன்பதாம் மாதம் தர்ஷினி முதல் வார்த்தை சொன்னாள். அம்மா என்று இல்லை, அப்பா என்று இல்லை. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது, "ரைட்" என்று சொன்னாளாம். வாரத்துக்கு எட்டுத் தடவை பஸ் ஏறுகிற பிள்ளை வேறு எதைச் சொல்லும்? டிரைவர் உண்மையாகவே வண்டியை எடுத்துவிட்டார் என்று அவள் சொன்னபோது, சல்லடை குலுங்கியது. உள்ளே சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்தரை வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சாதாரணப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் சேர்த்தார்கள். கதை சொல்லச் சொன்னால் முக்கால்வாசி புரிகிற மாதிரி சொல்லும். எங்கள் அறைக்கு யாராவது பெரிய அதிகாரி வந்தால் தர்ஷினியைத்தான் பேசவைப்போம். போட்டோ எடுப்பார்கள். போட்டோவிலும் அவள் சல்லடையோடுதான் நின்றாள்.

ஐந்தாம் வருடம் மெஷின் நின்றது.

அதற்கு முன்னாலேயே ஒரு தடவை வயர் அறுந்திருந்தது. களத்து முதலாளி வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை போனது பெட்டி. கம்பெனி ஆள் திறந்துகூடப் பார்க்கவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, இந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை, புதிதுதான் வாங்க வேண்டும் என்றார். அவர் சொன்ன விலையை நான் அவளிடம் சொன்னபோது, தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். லட்சத்தில் இருந்தது.

ஆபரேஷனுக்குத் திட்டம் இருந்தது. தலைக்குள் வைப்பதற்கும் முதல் மெஷினுக்கும் அரசாங்கம் கொடுத்தது, நிறையக் கொடுத்தது, நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மெஷின் ஒரு நாள் தேய்ந்து நின்றுபோகும் என்பதை மட்டும் யாரும் சரியாக யோசித்து வைக்கவில்லை. மாற்று மெஷினுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது கோயம்புத்தூரில், ரேஷன் கார்டு இருப்பது திருப்பூர் மாவட்டத்தில். ஃபைலை எந்த ஊரிலிருந்து அனுப்புவது என்று தீர்மானிக்கவே இரண்டு மாதம் ஆனது. பழைய வருமானச் சான்று காலாவதியாகியிருந்தது. புதிது வாங்கிக் கொடுப்பதற்குள் டாக்டர் கொடுத்த சான்று பழசாகிவிட்டது. அவளிடம் இரண்டு நகல் கேட்டால் இரண்டுதான் இருக்கும். மூன்றாவது கேட்டால் அன்றைக்கு வேலை முடியாது. விண்ணப்பம் வாங்குகிற ஆபீஸில் உட்கார்ந்திருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலேயிருந்து பதில் வரவில்லை. மேலே இருந்தவருக்கு அதற்கும் மேலேயிருந்து வந்திருக்காது. "வருமுங்கம்மா" என்பார் அவர். "வரும்" என்பேன் நான். ஒரு கட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மெஷின் இல்லாத பிள்ளையைச் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிவந்துகொண்டிருந்தாள். வா என்று சொன்னவள் நான், நிறுத்து என்று சொல்லவில்லையே. ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே நாலு பேர் காத்திருக்கும்போது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மெஷின் வந்தப்புறம் வாங்க அம்மணி, சும்மா அலையாதீங்க. ஆனா ஊட்ல பழக்கத்த மட்டும் விட்டுராதீங்க. பழக்கம் போயிருச்சுன்னா அப்புறம் மெஷின் வந்தும் பிரயோஜனமில்லை."

"சரீங்க டீச்சர்."

பிள்ளையோடு தினமும் உட்காருங்கள், படம் காட்டுங்கள், பேச்சை நிறுத்தாதீர்கள் என்பதைத்தான் நான் மனதில் வைத்துச் சொன்னேன். அதை விரித்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அந்த வருடம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு ஒரு காகிதம்கூடக் கொடுக்காமல், அடுத்த மாதம் வர வேண்டாம் என்றார்கள். நானும் சண்டை போடவில்லை. அப்போது எனக்கு எதற்கும் தெம்பில்லை. வீட்டில் படுத்துத் தூங்கினேன். அவள் ஃபைல் என்ன ஆனது என்று இரண்டு தடவை போனில் விசாரித்தேன், மூன்றாவது தடவை விசாரிக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, காங்கேயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை புதுப்பிக்கும் முகாம் நடந்தது. உதவிக்கு ஆள் வேண்டும் என்று பழைய சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டாள், போனேன். வேப்பமரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நூறு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கருப்பு வட்டம் தெரிந்தது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மெஷின் வந்துவிட்டது, அதனால்தான் சல்லடை வெளியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

தர்ஷினியின் தலையில் எதுவும் இல்லை. காது வெறும் காதாக இருந்தது.

அவள் சல்லடையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மகளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை. முகாமுக்கு வந்திருந்த ஒருவருடைய செயற்கைக் காலை அது பார்த்த அளவுக்குக்கூட அம்மாவைப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன நாள்லருந்துங்க. ஒரு நாள்கூட விடலீங்க டீச்சர்." குரலில் ஒரு பெருமை இருந்தது. அப்புறம் சல்லடையைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்தாள். "ஒண்ணு கேக்கோணுமுங்க. அவங்கப்பன் வந்தா ஓடிப்போயி கட்டிக்கறா. எம்பட மூஞ்சியப் பாக்கவே மாட்டீங்கறா. பள்ளிக்கூடத்துலயும் கடைசி பெஞ்சுல உக்காத்தி வெச்சுட்டாங்க. பேச்சே நின்னுபோச்சுங்க. என்னைய ஏனுங்க பாக்க மாட்டீங்கறா?"

அப்பா அவளுக்குத் தெரியாமல் பிள்ளையோடு கையால் பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்கு உடனே புரிந்தது. பாவம், அந்த மனிதராவது சொன்னபடி கேட்காமல் இருந்தார். ஒன்பது மாதமாக அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு கருப்புத் துணிதான் அம்மா. சாப்பிடும்போதும் தலை வாரும்போதும் முகம் தெரியும், ஆனால் அப்போது அது பேசாது. பேச வேண்டுமென்றால் துணி வந்துவிடும். துணியிலிருந்து எந்தச் சத்தமும் வராது. பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்குச் சலித்துவிட்டது.

"அத எடுத்துருங்க அம்மணி" என்றேன்.

"எதங்க?"

"சல்லடைய. பையில போட்டுருங்க. இனி வேண்டாம்."

அவள் கை அசையவில்லை. துணிக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

"அப்ப மெஷின் வராதுங்களா டீச்சர்?"

வரும் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்கம். அன்றைக்கு என்னவோ அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "வரலாம், வராமயும் போகலாம். எனக்கு நிஜமாத் தெரியாது. ஆனா அது வர்ற வரைக்கும் பிள்ளைக்கு உங்க வாயும் கையும்தான். நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. முழுசாச் சொல்லாம விட்டது என் தப்பு."

"பழக்கம் போயிருமுன்னு சொன்னீங்களே."

"போனாப் போகுதுங்க. புள்ள போயிரக் கூடாதல்ல."

அதற்கப்புறமும் அவள் செய்தது சொன்னதைத்தான். சல்லடையை மடியில் வைத்தாள். பையில் போட்டாள். பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். மேல் பல் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது, உதட்டோரத்தில் ஒரு மச்சம். மகளின் முகவாயைத் திருப்பினாள். பிள்ளை வேண்டாவெறுப்பாகத் திரும்பியது. என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மணமாக நிற்பவள்போல் கூசினாள். கடைசியில், ரொம்ப மெதுவாக, "தண்ணி குடிக்கறயா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, கட்டைவிரலைத் தயங்கித் தயங்கி வாய்க்கு நேரே தூக்கினாள்.

பிள்ளை அவள் உதட்டையே பார்த்தது. அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் ஒரு குரலில், "வேண்டாம்" என்றது. கொஞ்சம் பொறுத்து, "ஐஸ்" என்றது. கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டி நின்றிருந்தது.

அழுதது நான்தான். அவளுக்கு அழ நேரமில்லை, டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மெஷின் வந்தது. இப்படி ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் வருவதற்கு இன்னும் ஏழு மாதம் ஆனது. நானும் அவளும் அந்த ஏழு மாதத்தில் ஏறாத மாடிப்படி இல்லை. திங்கட்கிழமைகளில் மனு கொடுக்கிற வரிசையில் நான் அவளோடு நின்றிருக்கிறேன். நின்றுகொண்டே மகளோடு கையும் வாயுமாகப் பேசுவாள். மனு வாங்குகிறவர், "வாய் பேச முடியாதுங்களா உங்களுக்கு?" என்று அவளைக் கேட்டார். எந்த மனு, எந்தக் கையெழுத்து கடைசியில் வேலை செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் போன் வந்தது.

"டீச்சர், செவ்வாக்கெழம வரச் சொல்லீருக்கறாங்க. நீங்களும் வந்துருங்க."

நான் வேலை பார்த்த அதே அறை. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மெஷினை மாட்டிச் சத்தத்தைச் சரிசெய்ய, புதிதாகப் படித்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல பெண், பொறுமைசாலி. கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள். தர்ஷினிக்கு ஒன்பது வயது நடக்கிறது. ஒன்றரை வருடம் எதுவும் கேட்காமல் இருந்த பிள்ளை, இனி எவ்வளவு திரும்ப வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண் அலமாரியைத் திறந்து ஒரு சல்லடையை எடுத்தாள். என் காலத்துச் சல்லடைதான், துணி நரைத்திருந்தது.

"அம்மா, இத முகத்துக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டுப் பாப்பா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. கேக்குதான்னு பாக்கலாம்."

சரியான நடைமுறைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் அந்த வளையத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இனி இவளுக்கு எதையும் சொல்வதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

"மாட்டேனுங்க" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "ஒரு நிமிஷம்தாம்மா. டெஸ்ட்டுக்காக."

"டெஸ்ட் பண்ணுங்க, வேண்டாங்கலீங்க. அவ அக்கட்டால திரும்பி நிக்கட்டுமுங்க. நான் எம்பட மூஞ்சிய இனி மறைக்க மாட்டேனுங்க."

அத்தனை வருடத்தில் அவள் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். குரல் உயரவில்லை, 'ங்க'வும் போகவில்லை. அந்தப் பெண் சல்லடையை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அவள் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வாயாலும் கையாலும் சொன்னாள்: நீ சுவரைப் பார்த்து நில், நான் பின்னாலிருந்து கூப்பிடுவேன், கேட்டால் திரும்பு. பிள்ளை தலையாட்டிவிட்டு, புதுப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்து நின்றது. அவள் எழுந்து நாலடி பின்னால் வந்தாள்.

முதல் தடவை கூப்பிட்டாள். பிள்ளை அசையவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது பிள்ளையின் தோள் மட்டும் லேசாக ஆடியது. மறுபடி ஏற்றினாள். மூன்றாவது தடவை தர்ஷினி திரும்பினாள். மெஷினைத் தொட்டுப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் அங்கே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

இருந்தது.